அங்கே கிலோ என்ன விலை?

பகல் பன்னிரண்டு இருபதுக்கு வீடியோ அழைப்பு வந்தது. திரையில் முதலில் தெரிந்தது முகமல்ல, ஓர் உள்ளங்கை. அதன் நடுவில் ஏழெட்டு அரிசி மணிகள்.

“அக்கா, இத பாரு. இது பிளாஸ்டிக்கா?”

என் தங்கையின் குரல். கடலூரிலிருந்து போய் கன்னியாஸ்திரீ ஆனவள். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு சின்ன நாட்டில், பெண்பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றைப் பல வருடங்களாக நடத்திவருகிறாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பின்னால் சேவல் ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

“கையைக் கொஞ்சம் கிட்ட கொண்டா” என்றேன்.

மணிகள் லேசான மஞ்சள். பளபளப்பு இல்லை. எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன். தீட்டிய அரிசியின் ஒரு முனையில் முளை இருந்த இடத்தில் சின்னப் பள்ளம் இருக்கும். இவற்றில் அது இல்லை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரிந்திருக்கும். ரேஷன் அரிசியை ஊறப்போட்டால் மேலே மிதந்து வரும் மணிகள் இவைதான். இரும்புச் சத்து சேர்த்த மாவை அச்சில் வார்த்து, அரிசி போலவே வெட்டி, நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். கடையில் விளக்கம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இருந்தும் தெருவில் அதற்குப் பெயர் பிளாஸ்டிக் அரிசி.

“பிளாஸ்டிக் இல்ல. சத்து மாவுல செஞ்சது. நல்லதுதான்.”

“நிச்சயமா தெரியுமா?”

“தெரியும். இங்கயும் அதுதான் வருது.”

ரேஷன் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அந்த நேரத்திலேயே கவனித்தேன்.

அவள் நடந்ததைச் சொன்னாள். இந்தியா வெள்ளைப் பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டதிலிருந்து அந்த ஊரில் விலை ஏறிக்கொண்டே இருந்தது. புழுங்கலுக்குத் தடை இல்லை, வரி மட்டும்தான். எல்லோரும் புழுங்கலுக்கு ஓடியதில் அதுவும் ஏறிவிட்டது. விடுதியில் மதியச் சோற்றை நிறுத்தி மரவள்ளி மாவுக்கு மாறினார்கள். இரவில் மட்டும் சோறு. அதையும் காப்பாற்ற வேண்டுமென்று, இருந்த பணத்தையெல்லாம் போட்டு, சந்தையிலேயே விலை குறைந்த இந்தியப் புழுங்கலாகப் பார்த்து, பருவம் முழுவதற்குமான மூட்டைகளை மொத்தமாக வாங்கிவிட்டாள். முதல் மூட்டையைப் பிரித்துக் கழுவியபோது மணிகள் மிதந்தன. சமையல்காரி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். சேதி சந்தைக்குப் போனது. பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் போடுகிறார்கள் என்று தாய்மார்கள் வந்து நின்றார்கள். நான்கு பிள்ளைகளை அன்றைக்கே அழைத்துப் போய்விட்டார்கள்.

“போனா திரும்பி வர மாட்டாங்க அக்கா. கடையில உக்கார வெச்சுடுவாங்க, இல்ல கட்டிக் குடுத்துடுவாங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எல்லா அம்மாக்களும் வராங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீ ஒண்ணு பண்ணு. அந்த அரிசிய அங்க ஆக்கி, அவங்க கண்ணு முன்னாடி வீடியோவுல சாப்பிடு. உங்க ஊரு அரிசிதானே, நீங்க சாப்பிடறத பாத்தா நம்புவாங்க.”

“சரி” என்றேன். மிதக்கும் மணி தெரிகிற மாதிரி அவர்கள் முன்னாலேயே கழுவ வேண்டும் என்றும் சொன்னாள். அதற்கும் சரி என்றேன்.

போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அந்த அரிசி இல்லை.

எங்களுடையது அரிசி கார்டு. மாதம் இருபது கிலோ இலவசம். நாங்கள் சாப்பிடுவது பொன்னி, மூட்டையாகக் கடையில் வாங்குவது. அரிசி வேண்டாமென்று சர்க்கரை கார்டாக மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதில்லை. மாற்றினால் பொங்கல் பரிசு வராமல் போய்விடும், வேறு ஏதாவது திட்டம் வந்தாலும் பெயர் இருக்காது என்று என் கணவர் சொல்வார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதனால் மாதாமாதம் வரிசையில் நின்று வாங்கிவருவோம். இரண்டாம் வாரத்தில் மொபெட்டில் ஒருவர் வருவார். தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பார். அரிசியை அவரிடம் போட்டால் கிலோவுக்கு ஏழு ரூபாய். முன்பெல்லாம் பிளாஸ்டிக் குடம், வாளி கொடுத்தார், பிறகு காசாகவே கொடுக்கிறார். அவர் வந்து போனது முந்தின நாள்தான்.

பக்கத்து வீட்டில் கேட்டேன். “நேத்துதானே போட்டோம்” என்றார்கள். எதிர்வீட்டில், “ஐயோ, அத யாரு வீட்டுல வெச்சுக்கறது, வண்டு வெச்சுடும்” என்றார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வீட்டில், வீடுதேடி வந்து ரேஷன் அரிசி கேட்கிற அளவுக்கு எங்களுக்கு ஏதோ கஷ்டம் என்று நினைத்துவிட்டார்கள். அந்த அம்மா உள்ளே போய் ஒரு பை பொன்னி எடுத்துவந்தார். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் பெண்ணைக் கேட்டேன். “தோசைக்கு ஊறப்போட்டு அரைச்சது போக மிச்சத்த நானும் போட்டுட்டேனேம்மா. சோறாக்கினா எம் புள்ளைங்க தொட மாட்டேங்குதுங்க” என்றாள்.

தெரு முழுவதும் கேட்டுவிட்டேன். ஒரு படி கிடைக்கவில்லை.

நான் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் வேலை பார்த்தவள். தடை வந்தபோது ஓய்வுபெறச் சில மாதங்கள்தான் இருந்தன. அந்தச் செய்தி என் மேசைக்குத்தான் வந்தது. உள்நாட்டில் அரிசி விலை குறையும் என்று தலைப்புப் போட்டேன். இறக்குமதி செய்யும் நாடுகளில் விலை ஏறக்கூடும் என்பது கடைசிப் பத்தி. இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுவது கடைசிப் பத்தியைத்தான். அன்று விளம்பரம் அதிகம். வெட்டினேன். அதில் தவறு ஏதும் இல்லை, எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தான். ஆனால் தங்கை அந்த நாடுகளில் ஒன்றில்தான் இருக்கிறாள் என்பது வெட்டும்போது எனக்கு நினைவுக்குக்கூட வரவில்லை.

சனிக்கிழமை காலை நானும் கணவரும் சிதம்பரம் போனோம். அவருடைய அக்கா வீட்டுக்காரர் அங்கே அரிசி மண்டி வைத்திருக்கிறார். சம்பா அறுவடை முடிகிற நேரம். வழியெல்லாம் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பேருந்து மற்ற பாதியில் மெதுவாகப் போனது. கொள்முதல் நிலையம் ஒன்றின் வாசலில் தார்ப்பாய் மூடிய குவியல்கள் இருந்தன. அதன்மேல் ஒருவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். குவியலுக்கு உடையவராக இருக்கலாம். இந்த நெல்தான் அரசு ஆலைக்குப் போய், அரிசியாகி, மணி கலந்து, எங்கள் தெருக் கடைக்கு வருகிறது. அதை விளைவித்தவரை நான் பார்த்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

மண்டியில் எங்களைப் பார்த்ததும் அவர் கணக்குப் பிள்ளையிடம் சத்தமாகச் சொன்னார்: “எல்லாத்தையும் மூடுய்யா, பேப்பர்காரம்மா வந்துட்டாங்க. என்னா மச்சான், ரெய்டா?”

“ரெய்டு இல்ல மாமா, பிச்சை” என்றார் என் கணவர். “ஒரு படி ரேஷன் அரிசி வேணும்.”

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எம் மண்டியில ரேஷன் அரிசி இருந்தா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன் மச்சான். உள்ள உக்காந்திருப்பேன். ஏன், ஒங்களுக்குத்தான் கார்டு இருக்கே. இந்த மாசம் வாங்கலியா?”

“வாங்கினோம். போட்டுட்டோம்.”

“யாருக்கு?”

“மொபெட்ல ஒருத்தரு வருவாரு.”

“ஆங்.” அவர் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லும்மா. எதுக்கு இப்ப அது?”

தங்கை விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்த தட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். தரகர்கள் மண்டி மண்டியாக மாதிரி கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பொட்டலம் அங்கேயே கிடக்கும். பிரித்துத் தட்டில் கொட்டிக் கையால் பரப்பினார்.

அரிசி வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. நான் வரிசையில் நின்று வாங்கும் அரிசி இப்படி இருக்காது. “இது அது இல்லியே அண்ணே” என்றேன்.

“நல்லா பாருங்க.”

தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளைக்கு நடுவில் அங்கங்கே மங்கலான மஞ்சள். ஒரே நீளம், ஒரே பருமன், முனையில் பள்ளம் இல்லை.

“இன்னொரு வாட்டி மில்லுல குடுத்து தீட்டிடறானுங்க. நெறம் மாறிடும், வாசன போயிடும். இந்த மணிய மட்டும் பொறுக்க முடியல. அதான் நம்ம ஊருல ஓடாது, பாத்ததும் ஜனங்க கண்டுபுடிச்சிடுவாங்க. வேற சாக்குல ரொப்பி வெளிய தள்ளிடுவானுங்க. நான் தொடறதில்ல. தரகன் கேக்காமயே வெச்சிட்டுப் போனான்.”

“வெளியன்னா?”

“கப்பலுக்குத்தான். இந்த மணியப் பத்தித் தெரியாத ஊரா பாத்து.” தட்டை என் பக்கம் தள்ளினார். “எடுத்துக்கங்கம்மா. ஒங்க வீட்டு அரிசியாக்கூட இருக்கும்.”

கணவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

நாங்கள் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். “ஏம்மா, தடை போட்டப்ப வெல கொறையும்னு போட்டீங்களே, கொறைஞ்சுதா? பொன்னி ஒரு ரூபா எறங்கல. எங்களுக்கும் நஷ்டம், அங்க ஒங்க தங்கச்சிக்கும் நஷ்டம். யாருக்குத்தான் லாபம், அத போடுங்க ஒரு நாளு.”

“நான் ரிட்டயர் ஆயிட்டேன் அண்ணே.”

“நல்லவேள” என்றார்.

திரும்பி வரும்போது பொட்டலம் என் மடியில் இருந்தது. என்னால் எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செறிவூட்டிய அரிசி முறையாகவும் ஏற்றுமதியாகிறது. தங்கை வாங்கிய மூட்டையில் அப்படி எதுவும் அச்சடிக்கவில்லை என்றாலும், ஒரு மூட்டையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்படி ஒரு செய்தியை யாராவது எழுதிக்கொண்டுவந்திருந்தால், ஆதாரம் எங்கே என்று திருப்பி அனுப்பியிருப்பேன். பேருந்து குறிஞ்சிப்பாடி திருப்பத்தைக் கடக்கும்வரை இதையே வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த விதமாகச் சொன்னாலும் ஏழு ரூபாய் வாங்கியது நாங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அங்கே பூசை முடிந்ததும் அழைப்பு வந்தது. கணவர் போனைப் பிடித்துக்கொண்டார். தங்கை முன்கூட்டியே சொல்லியிருந்தாள்: “மீனு கீனு காட்டாத. வெறும் சோறும் கொழம்பும் போதும். இல்லாட்டி அரிசிய விட்டுட்டு மீன் கேப்பாங்க.” சங்கராக் குழம்பை மூடி வைத்துவிட்டு, பருப்புக் குழம்பை எடுத்து வைத்தேன்.

திரையில் நீளமான பெஞ்சுகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். முதல் வரிசையில் மஞ்சள் தலைத்துணி கட்டிய ஒரு பெண் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். சந்தையில் கருவாடு விற்பவள் என்றும், அவள் பிள்ளை நின்றால் மற்றவர்கள் பிள்ளைகளும் நிற்கும் என்றும் தங்கை தமிழில் சொன்னாள்.

அவர்கள் பார்க்க அரிசியைக் கழுவினேன். மணிகள் மிதந்தன. பெஞ்சில் சலசலப்பு. மிதந்தவற்றை வடித்து ஊற்றாமல் அப்படியே உலையில் போட்டேன். சோறு வேகும்வரை தங்கை அவர்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். சோறு உப்பிப் பெரிதாக வந்திருந்தது. சுவை என்று எதுவும் இல்லை, கெட்ட வாடையும் இல்லை. அந்த அரிசியைச் சோறாக நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை நான் சொல்லவில்லை.

ஒரு பெண் கேட்டாள். தங்கை மொழிபெயர்த்தாள்: “இத அங்க எல்லாரும் சாப்பிடுவாங்களான்னு கேக்கறாங்க.”

“எங்க மாநிலத்துல லட்சக்கணக்கான வீட்டுக்கு இதுதான் போகுது” என்றேன்.

இந்த வாக்கியத்தை முந்தின இரவே யோசித்து வைத்திருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போகிறது என்பது உண்மை. யாரும் வழக்குப் போட முடியாத வாக்கியங்களை எழுதித்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

பெஞ்சில் சிலர் தலையாட்டினார்கள். மஞ்சள் தலைத்துணிப் பெண் மட்டும் கைகளைப் பிரிக்கவில்லை. போனுக்கு அருகில் குனிந்து, என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கருவாடு விற்பவள் கேட்க வேண்டிய கேள்விதான்.

“அங்க கிலோ என்ன வெலன்னு கேக்கறாங்க” என்றாள் தங்கை.

கையில் பிசைந்த சோறு இருந்தது. கணவர் போனுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார்.

“இலவசம்” என்றேன். “இது ரேஷன் அரிசி.”

தங்கை மொழிபெயர்க்கவில்லை. அவள் முகம் திரையின் ஓரத்தில் பாதிதான் தெரிந்தது. சேதி அவளுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். பெஞ்சில் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அத இங்க சொல்ல முடியாது அக்கா” என்றாள், குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தை மாற்றாமல். “சும்மா குடுக்கற அரிசியவா போடறீங்கன்னு எல்லாரும் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எழுந்து போயிடுவாங்க. வேற சொல்லு. சீக்கிரம்.”

“அறுபது ரூபா” என்றேன்.

அது எங்கள் வீட்டுப் பொன்னியின் விலை. தங்கை மனக்கணக்குப் போட்டு அவர்கள் பணத்தில் சொன்னாள். மஞ்சள் தலைத்துணிப் பெண் உதட்டைப் பிதுக்கி யோசித்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னாள். பெஞ்சு முழுவதும் சிரிப்பு. அவள் கைகளைப் பிரித்துவிட்டாள்.

“என்ன சொல்றாங்க?”

“கப்பல் கூலி, மூட்டை தூக்கற கூலி எல்லாம் போட்டுப் பாத்தா வெல சரியாத்தான் இருக்காம். நம்ம வியாபாரி ஏமாத்தல, நாமதான் அந்த மனுசன சந்தேகப்பட்டுட்டோம்னு சொல்றாங்க.”

விலைகளோடு வேலை பார்த்த அத்தனை வருடங்களில், தெரிந்தே ஒரு தப்பு விலையை நான் அச்சில் விட்டதில்லை.

அன்று ராத்திரி பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று செய்தி வந்தது. அழைத்துப் போயிருந்த நான்கு பேரில் மூன்று பேர் அந்த வாரமே திரும்பிவிட்டார்கள். சில நாட்கள் கழித்து ஒரு பகலில் தங்கை மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை வீடியோ இல்லை.

“நெஜமாவே சும்மாவா குடுக்கறாங்க?”

“ஆமா.”

“எல்லாருக்குமா?”

“அரிசி கார்டு இருக்கறவங்களுக்கு.”

“நம்ம வீட்டுக்கும்?”

“ஆமா.”

“நீங்க அத திங்கறதில்ல” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. என் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. நாலாவது பிள்ளை வீட்டுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்ததாகவும், அவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டதாகவும் சொன்னாள். பிறகு என் கணவரின் சர்க்கரை அளவைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் மொபெட்காரர் ஹாரன் அடித்தபோது நான் வெளியே போகவில்லை. இருபது கிலோவையும் பாத்திரம் கழுவும் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் மறுக்கவில்லை. மறுநாள் அவள் சந்தின் முனையில் மொபெட் நின்றிருந்ததைக் கணவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சர்க்கரை கார்டாக மாற்ற விண்ணப்பிக்கலாம் என்றேன். “அடுத்த பொங்கல் முடியட்டும்” என்றார். அந்தப் பொங்கலும் முடிந்துவிட்டது. இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

தடையை எடுத்தபோது உலகச் சந்தையில் விலை இறங்கியது. அந்த ஊர்ச் சந்தைக்கு அது வந்து சேர நாளாயிற்று. இடையில் தங்கை அடுத்த பருவத்துக்கான அரிசியை வாங்க வேண்டியிருந்தது. மஞ்சள் தலைத்துணிப் பெண்தான் கூடப் போய்ப் பேரம் பேசினாள். அதே மூட்டைகளைத்தான் வாங்கினார்கள். அந்தச் சந்தையில் அதைவிட விலை குறைந்த அரிசி இல்லை.